ஓரத்தில் வெட்டிய தோல்

1

டென்மார்க்கில் அரசாங்கத்துக்கு நம்மிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் தபால்காரரை அனுப்பாது. கைபேசிக்குள் அதற்கென்று ஒரு பெட்டி இருக்கிறது, அதில் வந்து விழும். நாம் திறக்காவிட்டாலும் படித்துவிட்டதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். நான் இந்த நாட்டுக்கு வந்து பதினான்கு வருடம் முடிந்த அன்று காலையில் அப்படி ஒன்று விழுந்தது. நிரந்தரமாகத் தங்குவதற்கு எழுதிப்போட்டு ஏழு மாதமாகக் காத்திருக்கிறேன், அதுதானோ என்று அவசரமாகத் திறந்தேன். அது இல்லை. சுங்கத்துறை.

என் பெயருக்கு இந்தியாவிலிருந்து ஒரு உறை வந்திருக்கிறதாம். உள்ளே ஏதோ விலங்கின் பாகம் இருப்பதாகத் தெரிகிறதாம். இது சாப்பிடுவதற்கா? எந்த விலங்கு? முழுமையாகப் பதனிடப்பட்டதா? ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கட்டம். சாப்பிடுவதற்கு இல்லை, எருமை, ஆம் என்று மூன்று கட்டத்திலும் டிக் போட்டேன். மூன்றாவது கட்டத்தில் டிக் போட எனக்கு அரை நொடிகூட ஆகவில்லை. திண்டுக்கல்காரிக்குத் தெரியாத தோலா என்ற எண்ணம்.

அனுப்பியது என் அண்ணன் சவரிமுத்து. திண்டுக்கல்லில் ஒரு தோல் ஷாப்பில் இருபத்திரண்டு வருடமாக வேலை. தோல் ஷாப் என்றதும் பெல்ட்டும் செருப்பும் தொங்குகிற கடை என்று மற்ற ஊர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். எங்கள் ஊரில் பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிர் நீக்கி, மரப்பட்டைச் சாற்றில் போட்டுப் பதனிடுகிற ஆலைக்கு அதுதான் பெயர். அண்ணன் முதல் பன்னிரண்டு வருடம் சுண்ணாம்புக் குழியில் இருந்தான். அந்தக் கைகளைப் பற்றி எழுதினால் கோவித்துக்கொள்வான். பிறகு முதலாளி அவனுடைய நிதானத்தைப் பார்த்து டெஸ்ட் ரூமுக்கு மாற்றினார். ஒரு மேசை, ஒரு நாற்காலி, தலைக்கு மேல் ஒரு மின்விசிறி. பத்து வருடமாக அந்த ஷாப்பிலிருந்து போகிற ஒவ்வொரு லாட்டும், அதாவது ஒரு தடவையில் பதனிட்ட தோல் மொத்தமும், அவன் சரி என்று சொன்ன பிறகுதான் லாரியில் ஏறும்.

அந்த நாற்காலி இப்போது ஆடிக்கொண்டிருந்தது. அதற்காகத்தான் அந்த உறை.

2

என் வேலை என்ன என்று ஊரில் கேட்பவர்களுக்கு இதுவரை நான் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. "லேப்ல வேலை" என்பேன். "ரத்தம், யூரின் பாக்குறதா?" என்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு அடுத்த இட்லியை எடுத்துக்கொள்வேன். இன்று சொல்லிப் பார்க்கிறேன்.

முட்டையின் வெள்ளைக்கரு புரதம். தயிரில் கட்டியாக நிற்பது புரதம். நம் தோல், முடி, நகம் எல்லாம் புரதம். ஒரு நீளமான சங்கிலி தனக்குத்தானே மடிந்து, சுருண்டு, ஒரு வடிவம் எடுத்தால்தான் அது வேலை செய்யும். வடிவம் கலைந்தால் போச்சு. அவித்த முட்டையைத் திரும்பப் பச்சை முட்டையாக்க எந்த ஓட்டல் மாஸ்டராலும் முடியாது. அந்த வடிவம் எப்படி இருக்கிறது, எவ்வளவு உறுதி, எப்போது கலைகிறது என்று பார்க்கிற கருவிகள் ஒரு கட்டடம் நிறைய எங்கள் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. அவற்றை மேய்ப்பது என் வேலை.

இதில் வேடிக்கை என்னவென்றால் எந்தக் கருவியும் புரதத்தை நேரில் பார்ப்பதில்லை. ஒன்று, இடமாகவும் வலமாகவும் முறுக்கிய ஒளியைப் புரதத்தின் வழியே அனுப்பும். எந்த முறுக்கை அது அதிகம் விழுங்குகிறது என்பதை வைத்து, சங்கிலி சுருளாக இருக்கிறதா பட்டையாக இருக்கிறதா என்று சொல்லும். இன்னொன்று தலைசுற்றும் வேகத்தில் சுழற்றும். கனமானது முன்னால் ஒதுங்கும், லேசானது பின்தங்கும். வேறொன்று லேசர் அடித்து, தண்ணீரில் அது எவ்வளவு துறுதுறுவென்று ஆடுகிறது என்று பார்க்கும். சின்னது என்றால் ஆட்டம் அதிகம், பெரியது என்றால் மந்தம். எல்லாமே கிள்ளிவிட்டு, அழுகையை வைத்துப் பிள்ளைக்கு என்ன வயது என்று சொல்கிற வேலைதான். பதினான்கு வருடம் ஆகியும் எனக்கு இது அலுக்கவில்லை. எப்படித்தான் இப்படியெல்லாம் யோசித்தார்களோ என்று இன்றும் சில காலைகளில் கருவியின் முன்னால் சும்மா நிற்பேன்.

எனக்கு மிகவும் பிடித்தது கலோரிமீட்டர். ஒரே அடுப்பில் இரண்டு குட்டிச் சட்டிகள், ஒவ்வொன்றும் மூக்குத்தியைவிடக் கொஞ்சம் பெரியது. ஒன்றில் புரதம், மற்றது வெறும் சட்டி. இரண்டையும் ஒரே சீராகச் சூடாக்கும். புரதம் கலைகிற நேரத்தில் அந்தச் சட்டி மட்டும் கூடுதல் வெப்பம் கேட்கும். எவ்வளவு கேட்டது என்பது திரையில் ஒரு கோடாக வரும். தட்டையாகப் போகிற கோடு, கலைகிற இடத்தில் ஒரு மேடு ஏறி இறங்கும். அந்த மேட்டின் உச்சிதான் புரதம் தாங்குகிற எல்லை.

மொழிதான் என்னைப் பல முறை கவிழ்த்திருக்கிறது. டேனிஷ்காரர்கள் ஐம்பதை "அரை மூன்று" என்கிற கணக்கிலும் எழுபதை "அரை நாலு" என்கிற கணக்கிலும் சொல்வார்கள். இருபது இருபதாக எண்ணிய காலத்து மிச்சமாம்; இரண்டரை இருபது ஐம்பது, மூன்றரை இருபது எழுபது. வந்த புதிதில் ஒரு மாணவியிடம் ஐம்பது டிகிரி வை என்பதற்குப் பதில் எழுபது என்று சொல்லிவிட்டேன். அவள் இரண்டு மாதம் பாடுபட்டுப் பிரித்த புரதம் கால் மணி நேரத்தில் வெள்ளையாகத் திரிந்துபோனது. அவள் என்னைத் திட்டவில்லை. "பரவாயில்லை" என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்றிலிருந்து எண்களைக் காகிதத்தில் எழுதிக் காட்டுகிறேன்.

3

அண்ணன் என்னிடம் உதவி என்று கேட்டு எனக்கு நினைவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து கூப்பிடுவான். என் மகள் ஷைனியிடம் "தாயி, சாப்டியா?" என்பான். அவள் "ம்" என்பாள். அவளுக்குப் பதினைந்து வயது, அந்த "ம்" தமிழா டேனிஷா என்று எனக்கே தெரியாது. அவளுடைய அப்பா கடலில் காற்றாலை பார்க்கிற வேலையில் பாதி மாதம் போய்விடுவதால், வீட்டில் தமிழ் பேச நான் ஒருத்திதான். அந்த உறை வருவதற்குச் சில வாரம் முன்னால் ஒரு ஞாயிறு, அவளைக் கேட்காமல் நேராக என்னிடம் வந்தான்.

"ஜெசி, ஒரு உதவி வேணும்."

"என்னண்ணே?"

"லாட்டு ஒண்ணு போகாம நிக்குது. எருமத் தோலு. குதிரைச் சேணத்துக்கு வார் வெட்டுறவன் ஒருத்தன் வெளிநாட்டுல கேட்டிருந்தான். மாதிரிக்குப் போன தோல அவன் லேபுல பாத்தானாம். அறுவத்தாறுலயே சுருங்குதுங்கிறான். நான் பாத்தப்ப எம்பத்திரெண்டு. ரெண்டு தடவ பாத்தேன்."

"தெர்மாமீட்டர்?"

"கொதிக்கிற தண்ணில விட்டுச் சரிபாத்துட்டேன். நூறு காட்டுது. இம்புட்டு வருசத்துல ஒரு லாட்டு திரும்பினதில்ல. முதலாளி என்ன சொல்றாருன்னா, கண்ணு தெரியலைன்னா பழையபடி சுண்ணாம்புக்குப் போயிருங்கிறாரு. ஐம்பத்திரெண்டு வயசுல நான் குழியில எறங்கணுமா? ஒன் மிசின்ல ஒரு தடவ பாத்துச் சொல்லு. நீ சொன்னா நம்புவாரு."

அண்ணன் செய்கிற டெஸ்ட்டைச் சொல்லிவிடுகிறேன். தோலில் ஒரு விரல் நீளத் துண்டு வெட்டி, கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டர் பக்கத்தில் நிற்க, மெதுவாகச் சூடேற்றுவான். ஒரு கட்டத்தில் துண்டு வெடுக்கென்று மேலே இழுத்துக்கொள்ளும். அந்த நொடியில் தெர்மாமீட்டர் காட்டுகிறதே, அதுதான் தோலின் தரம். நன்றாகப் பதனிட்ட தோல் எண்பதைத் தாண்டித் தாங்கும். பச்சைத் தோல் அறுபதைத் தாண்டியதும் சுருண்டுவிடும். தோலில் இருக்கிற புரதம் மூன்று இழை முறுக்கிய கயிறு. சூட்டில் முறுக்கு அவிழ்ந்தால் கயிறு சுருங்கும். பட்டைச் சாறு அந்த இழைகளை ஒன்றோடொன்று கட்டிவைக்கிறது, அதனால் கூடுதல் சூடு தாங்குகிறது.

நானும் அண்ணனும் பார்ப்பது ஒரே வேலை என்பது எனக்கு மிகவும் தாமதமாகத்தான் உறைத்தது. ஒருமுறை அதை அவனிடம் சொன்னேன். "அப்ப ஒனக்கு எதுக்கு அம்புட்டுப் படிப்பு? கொவளையும் ஸ்டவ்வும் போதுமே" என்றான். 

சுங்கம் உறையைக் கொடுத்தது. நாள்காட்டித் தாளில் சுற்றிய இரண்டு துண்டுகள், ஒவ்வொன்றும் தீப்பெட்டி அகலம். பட்டை வாசனை லேப் முழுக்க அடித்தது. துளி வெட்டி, தண்ணீரில் ஊறவைத்து, சட்டியில் மூடி, ஓட்டினேன். கோடு தட்டையாகப் போய் எண்பத்துமூன்றில் ஒரே ஒரு மேடு. அழகான மேடு. மறுபடி ஓட்டினேன், அதே இடம். அண்ணன் ஒரு ஸ்டவ்வை வைத்துக்கொண்டு சொன்னதும் எங்கள் கருவி சொன்னதும் ஒரு டிகிரிதான் வித்தியாசம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெருமைதான், வேறென்ன.

அன்றே ஒரு கடிதம் எழுதினேன். என் சொந்த மின்னஞ்சலில்தான், ஆனால் கீழே பெயருக்கு அடியில் வேலையையும் பல்கலைக்கழகத்தையும் போட்டேன். அனுப்பப்பட்ட தோல் முழுமையாகப் பதனிடப்பட்டிருக்கிறது, எண்பத்துமூன்று வரை தாங்குகிறது. இரண்டு நாள் கழித்து அண்ணன் சொன்னான், முதலாளி அதை லேமினேட் செய்து ஆபீசில் மாட்டிவிட்டாராம், ஒரு நகல் சேணக்காரனுக்கும் போயிருக்கிறதாம். ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகமே சொல்லிவிட்டதால் அவனும் கொஞ்சம் இறங்கி வந்து, லாட்டை எடுத்துக்கொள்கிற யோசனையில் இருக்கிறானாம்.

4

எங்கள் கருவிகளில் எதை ஓட்டினாலும் கணினியில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். பதினேழு கேள்விகள். யார் கொடுத்தது, எப்போது, எதில் கரைத்தது, எந்தப் பகுதியிலிருந்து எடுத்தது. இந்த நாட்டில் நான் நிரப்பிய படிவங்களை அடுக்கினால் மலைக்கோட்டை உயரம் வரும், அதனால் படிவம் என்றாலே எனக்கு எரிச்சல். ஆனாலும் வெளியிலிருந்து வருகிற எவரையும் ஒரு கேள்விகூட விடாமல் நிரப்ப வைப்பேன். மாணவர்கள் என் முதுகுக்குப் பின்னால் என்னைக் காவல் நிலையம் என்பார்கள்.

திங்கட்கிழமை என் மேலதிகாரி கிர்ஸ்டன் முந்தைய வாரத்துப் பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒல்லியான, மெதுவாகப் பேசுகிற பெண்மணி. அண்ணனுடைய தோலை ஓட்ட அவரிடம் அனுமதி வாங்கியிருந்தேன்.

"ஜெசிந்தா, இங்கே ஒரு கோடு போட்டிருக்கிறாயே, என்ன அது?" என்றார்.

எந்தப் பகுதியிலிருந்து எடுத்தது என்ற கட்டம். ஒரு எழுத்தாவது போடாமல் கணினி நகராது. அதனால் நான் ஒரு சிறு கோடு போட்டு நகர்ந்திருந்தேன்.

"அது என் அண்ணன் அனுப்பியது" என்றேன்.

"தெரியும். தோலின் எந்தப் பகுதி?"

"கேட்கவில்லை."

அவர் புருவத்தைக்கூட உயர்த்தாமல் அடுத்த பதிவுக்குப் போய்விட்டார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. சவரிமுத்துவின் கை வைத்த தோலுக்கு இவர் என்ன கேள்வி கேட்கிறார் என்று. தேநீர் போடப் போனவள், தண்ணீர் கொதிக்கிற வரை நின்றவள், அப்படியே நின்றுவிட்டேன். வேறு யாராவது அந்தத் துண்டைக் கொண்டுவந்திருந்தால், எங்கே வெட்டியது என்று கேட்காமல் கதவையே திறந்திருக்க மாட்டேன்.

மதியம் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, அந்தத் துண்டு எங்க வெட்டுனது?"

"எங்க வெட்டுவாங்க? ஓரத்துலதான். வயித்துப் பக்கம்."

"எப்பவும் அங்கதானா?"

"பின்ன நடுவுல வெட்டுவாங்களா? நடு முதுகுல கத்திய வச்சா அந்தத் தோலு போச்சு. எந்த முதலாளி விடுவான்? ஓரம் எப்படியும் கழிச்சுத் தள்ளுறதுதான். ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம். நீ சமைக்கிறதே இல்லயா?"

சமைக்கிறேன். அதனால்தான் யோசித்தேன். சோற்றைக் கொதிக்கும்போது கிண்டிவிடுகிறோம், பானை முழுக்க ஒரே சோறு. எருமைத் தோலை யார் கிண்டுவது? அதன் வயிற்றோரம் மெல்லிசு, தளர்ந்தது. சாறு சட்டென்று உள்ளே போய்விடும். முதுகு என் சுண்டுவிரல் தடிமன், இழை நெருக்கமானது.

"நடு முதுகுல ஒரு துண்டு வெட்டி அனுப்புண்ணே."

"ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"ஒரே ஒரு துண்டு."

 

"முதலாளிகிட்டக் கேக்கணும்" என்றான். பிறகு, "கேக்க வேணாம், நானே வெட்டுறேன்" என்றான்.

5

இந்த முறை சுங்கம் கேட்ட மூன்றாவது கட்டத்தின் முன்னால் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். முழுமையாகப் பதனிடப்பட்டதா? தெரியாது என்று சொல்ல அதில் இடமில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்று கீழே எழுதினேன். அதற்கு நாலு தொலைபேசி, இரண்டு விளக்கக் கடிதம். கடைசியில் ஒரு சுங்க அதிகாரி, நல்ல மனிதர், "முடிவு வந்தால் எங்களுக்கும் சொல்லுங்கள், ஆர்வமாக இருக்கிறது" என்று சொல்லி விட்டுவிட்டார்.

சனிக்கிழமை காலையில் ஷைனியையும் லேபுக்கு அழைத்துப் போனேன். அவள் வந்ததற்குக் காரணம் லேபில் இருக்கிற இலவச சாக்லேட் பானம், தாய்ப்பாசம் என்று யாரும் எண்ண வேண்டாம். துண்டை ஊறவைத்து, மேலிருந்து அடிவரை மெல்லிய சீவலாகச் சீவி, சுருட்டிச் சட்டியில் அடைத்து ஓட்டினேன். கோடு தட்டையாக வந்தது. அறுபதைத் தாண்டியது. அறுபத்துநாலில் ஒரு மேடு எழுந்தது.

"முடிஞ்சிச்சா?" என்றாள் ஷைனி.

முடியவில்லை. கோடு இறங்கி, கொஞ்ச தூரம் போய், எண்பத்திரண்டில் மறுபடி ஏறியது. ஒரே தோலில் இரண்டு மேடு. ஷைனி அதைப் பார்த்து ஒட்டகம் என்றாள், டேனிஷில்.

எனக்கு அப்போது அண்ணன், முதலாளி, நாற்காலி எதுவுமே நினைவில் இல்லை, உண்மையைச் சொல்கிறேன். எங்கிருந்து அந்த அறுபத்துநாலு மேடு வருகிறது என்ற ஒரே எண்ணம். மிச்சத் துண்டை மெல்லிய பிளேடால் மூன்று அடுக்காகப் பிரித்தேன்; மேல், நடு, அடி. மூன்று சட்டி. மேல் அடுக்கு எண்பத்திரண்டு. அடி அடுக்கு எண்பத்திரண்டு. நடு அடுக்கு அறுபத்துநாலு, பச்சைத் தோல் தாங்குகிற அளவு. சாறு இரண்டு பக்கமும் நுழைந்து பாதி வழியில் நின்றிருக்கிறது. வெளியே பதம், உள்ளே பச்சை. சேணக்காரன் முதுகில் வெட்டியிருப்பான், அவன் துண்டின் பச்சை நடு முதலில் சுருங்கியிருக்கும், அவனுக்கு அறுபத்தாறு. அண்ணன் ஓரத்தில் வெட்டினான், அவனுக்கு எண்பத்திரண்டு. இருவரும் அளந்ததில் தப்பே இல்லை. எவ்வளவு அழகாக விளங்குகிறது என்று வாய்விட்டுச் சொன்னேன்.

"அப்ப மாமா பொய் சொன்னானா?" என்றாள் ஷைனி.

"சொன்னாரா" என்று திருத்தினேன். நான் அண்ணனை அவன் இவன் என்பது தங்கையின் உரிமை, அவள் சொல்லக் கூடாது. திருத்திய பிறகுதான் கேள்வி காதில் விழுந்தது. பொய் இல்லை, பழக்கம் என்றேன். அவளுக்கு அது புரியவில்லை. அவள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் ஒன்று சரி, இல்லையென்றால் தப்பு. தோளைக் குலுக்கிவிட்டுக் கைபேசிக்குள் போய்விட்டாள். நான் மூன்று சட்டியையும் கழுவாமல் உட்கார்ந்திருந்தேன். அண்ணனின் நாற்காலி அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

6

அண்ணனுக்குப் படத்தை அனுப்பிவிட்டுக் கூப்பிட்டேன். மென்று விழுங்கித்தான் சொன்னேன். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் கேள்வி கேட்டான்.

"பச்சை எம்புட்டு ஆழத்துல ஆரம்பிக்குது?"

"மூணுல ஒரு பங்கு. நடுவுல."

"ரெண்டு பக்கமும் ஒரே அளவா?"

"அடிப்பக்கம் கொஞ்சம் கூட ஏறியிருக்கு."

"ஏறும். அடிப்பக்கம் சதை வழிச்ச பக்கம்ல, தொறந்து கெடக்கும்." கொஞ்சம் நிறுத்தினான். "ஜெசி, பத்து வருசமா நான் பாத்ததெல்லாம் ஆட்டுத் தோலு. அதுல ஓரமும் நடுவும் ஒண்ணுதான். எங்க வெட்டுனாலும் ஒரே நம்பர். எருமை இந்த வருசந்தான் வந்துச்சு. தோலு மாறுனது தெரிஞ்சது. கத்திய மாத்தணும்னு தோணல பாரு."

நான் ஒரு கருவியும் இல்லாமல் அதைக் கண்டுபிடித்திருக்க மாட்டேன். அவன் படத்தைப் பார்த்த ஐந்தாவது நிமிடத்தில் காரணத்தைச் சொல்லிவிட்டான். இன்னும் என்னென்னவோ கேட்டான்; வெயில் காலத்துச் சாறும் மழைக் காலத்துச் சாறும் இதே மாதிரிதான் ஏறுமா, எருமைக்கிடாத் தோலின் கழுத்தில் வெட்டினால் ஒட்டகம் வருமா என்று. நாற்பது நிமிடம் பேசினோம். சுவரில் லேமினேட் செய்து தொங்குகிற என் கடிதத்தைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அந்தக் கடிதம் தப்பு. ஓரத்துத் துண்டைப் பார்த்துவிட்டு, தோல் முழுமையாகப் பதனிடப்பட்டது என்று எழுதியிருக்கிறேன். தப்பென்று தெரிந்த பிறகு திரும்பப் பெற வேண்டும். இதில் யோசிக்க ஒன்றுமில்லை, என் மாணவர்கள் யாராவது யோசித்தால் அவர்களைக் காய்ச்சியிருப்பேன். நான் மூன்று நாள் யோசித்தேன். திரும்பப் பெற்றால் சேணக்காரன் லாட்டை எடுக்க மாட்டான், அண்ணன் குழிக்குப் போவான். பெறாவிட்டால் சேணக்காரன் வார் வெட்டுவான். உள்ளே பச்சையான வார் ஒரு மழைக்காலம் தாங்கும், இரண்டு தாங்கும், பிறகு நடுவே அழுகி ஒருநாள் அறும். குதிரை மேல் யாரோ இருப்பார்கள், ஷைனி வயதில்கூட இருக்கலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேட்டிருக்கிறேன், அதைச் செய்யச் சோறு எவ்வளவு வேண்டியிருக்கும் என்று அந்த மூன்று நாளில் தெரிந்தது. அண்ணன் வாயால், எழுதாதே தங்கச்சி என்று ஒரு வார்த்தை வரட்டும் என்று காத்திருந்தேன். வந்தால் பாரத்தை அவன் தலையில் இறக்கிவிடலாமே.

செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டான். அங்கே மணி நாலு இருக்கும்.

"முதலாளிகிட்டக் காட்டிட்டேன்" என்றான்.

"எதை?"

"ஒட்டகத்த. அந்த வெட்டுன தோலையும் கொண்டுபோய் மேசைல போட்டேன். லாட்டைத் திருப்பித் தொட்டில போடணும்னேன். இன்னும் இருபது நாளு ஊறுனா நடுவுல ஏறிரும். இனிமே எருமன்னா லாட்டுக்கு ஒரு தோல முதுகுல வெட்டித்தான் பாக்கணும்னும் சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"நாளையிலேர்ந்து சுண்ணாம்புப் பக்கம்னாரு."

சாப்பிட்டாயா என்று கேட்கிற அதே குரலில் சொன்னான். 

"எதுக்குண்ணே? தப்பக் கண்டுபிடிச்சுச் சொன்னதே நீதான. அதுக்குப் போயி அனுப்புவாங்களா?"

"தப்புக்கு அவருக்குக் கோவம் இல்ல. அத உக்காந்து நல்லாத்தான் கேட்டாரு. கேட்டுட்டு, 'சவரி, இந்தப் படத்தக் கிழிச்சுப் போட்டா யாருக்குத் தெரியப் போவுது? ஒந் தங்கச்சி எழுதிக் குடுத்த லெட்டர் இருக்கு, அவன் லாட்ட எடுத்துக்கிறேன்னுட்டான். நீயும் பேசாம ஒஞ் சேர்ல இரு. அவளா வந்து அண்ணனக் கவுக்கப் போறா?'ன்னாரு. நான் சொன்ன பதில்லதான் கோவம் வந்திருச்சு."

"என்ன சொன்ன?"

"இல்லைங்க, அவ எழுதிருவான்னேன்."

அவன் அதைச் சொல்லி முடித்துவிட்டு, வேறு யாரோ கூப்பிடுகிறார்கள் என்று போனை வைத்துவிட்டான். நான் எழுதுவதா வேண்டாமா என்று அந்த நிமிடம் வரை முடிவு செய்திருக்கவில்லை. சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.